மூன்றாவது சரணம்

ரொட்டிக்கடைக்காரருக்கும் கடிகாரத்துக்கும் ஒத்துவராது. கடைச் சுவரில் ஒன்று தொங்கத்தான் செய்தது. அது ஓடுகிறதா, உறங்குகிறதா என்று அவர் தலைநிமிர்ந்து பார்த்ததை மட்டும் ஒருவரும் கண்டதில்லை. மாவில் கை வைத்தால் அவருக்குப் பாட்டுதான் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை சபையில் பாடுகிற பாட்டு, நாலு சரணம். மூன்று சுற்றுப் பாடி முடித்தால் மாவு பதத்துக்கு வந்துவிடும், கையில் ஒட்டாமல் உருண்டு வரும். மழை நாளில் மூன்றரைச் சுற்று. பொங்கிய மாவை மறுபடி அடித்து மடிக்க ஒரு சுற்று. இருபத்தாறு வருஷமாக இதுதான் முறை, ஒரு ரொட்டிகூடச் சோடை போனதில்லை என்பார். இரண்டு மூன்று போயிருக்கிறது. அண்ணிக்குத் தெரியும். சொல்ல மாட்டாள்.

அண்ணி என்றால் அவர் மனைவி. கடையில் வேலை பார்க்கிற கொழுந்தன் அப்படிக் கூப்பிடப் போக, ரொட்டி வாங்க வருகிறவர்கள், சபையார், பால்காரர் வரைக்கும் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. கல்லாவில் உட்கார்ந்தபடியே, உள்ளே எந்தச் சரணம் ஓடுகிறது என்று காதைக் கொடுத்து, எத்தனை மணிக்குச் சூடான ரொட்டி கிடைக்கும் என்று அவள் சொல்லிவிடுவாள். பெரும்பாலும் தப்பாது.

அந்தப் பாட்டில் மூன்றாவது சரணம் இருக்கிறதே, அது லேசுப்பட்டதில்லை. மற்ற மூன்றும் நன்றி, துதி, மகிழ்ச்சி என்று ஓடிவிடும். மூன்றாவது கஷ்டத்தைப் பற்றியது. தகப்பன் பிள்ளையின் கையைப் பிடித்துச் செங்குத்தான மேட்டில் ஏற்றுகிறான். பிள்ளை விடச் சொல்லி அழுகிறது. அவன் விடுவதில்லை. ராகமும் மேடு மாதிரியே ஏறி இழுக்கும், பாடுகிறவனுக்கு மூச்சு வாங்கும். நேரமாகிவிட்டால் சபையிலேயே அதைத் தாண்டி நாலாவதுக்குப் போய்விடுவார்கள். ரொட்டிக்கடைக்காரர் மட்டும் விடமாட்டார். "அந்தச் சரணத்துலதான்யா மாவு இழுவைக்கு வருது. அதை விட்டா ரொட்டி பொலபொலன்னு உதிரும்" என்பார்.

அப்படிப்பட்ட கைக்குத்தான் ஆபத்து வந்தது. பெரிய ஆர்டர் வந்தால் மட்டும் மாவு பிசைகிற மெஷினைப் போடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முந்நூறு பன்னுக்கு ஆர்டர். ஆராதனைக்கு மணி அடித்தும் அவர் கிளம்பவில்லை. ஓரத்தில் ஒட்டிய மாவை வழித்துவிடுகிறேன் என்று ஓடுகிற மெஷினுக்குள் வலது கையை விட்டார். அவ்வளவுதான். கொழுந்தன் பாய்ந்து நிறுத்துவதற்குள் நாலு விரலும் நொறுங்கிவிட்டன. கை போகாமல் தப்பியதே பெரிது என்றார் டாக்டர். கம்பி வைத்துக் கட்டுப் போட்டு, ஆறு வாரம் கழித்துப் பிரித்தபோது கை இருந்தது. விரல்கள் மட்டும் விறகுக் குச்சி மாதிரி விறைத்துக்கொண்டு நின்றன.

விரல்களை மடக்கப் பழக்குவதற்கு ஆஸ்பத்திரியில் ஒரு பிசியோ அம்மா இருந்தார். ஒல்லியான உடம்பு, பிடி மட்டும் இரும்பு.

"வலிக்கும்," என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னார். "வலிக்காதுன்னு சொல்லி ஏமாத்துற வேலை என்கிட்ட இல்ல. விரல் நுனி உள்ளங்கையைத் தொடணும். ஒரு மாசம் டைம். அதுக்குள்ள தொடலேன்னா மூட்டு அப்படியே இறுகிடும். அப்புறம் நீங்க தலைகீழா நின்னாலும் மடங்காது."

"தொட்டா மாவு பிசையலாமா?"

"தொட்டா பிசையலாம். தொடலேன்னா அந்தக் கையை வச்சு எல்லாருக்கும் டாட்டா காட்டலாம்."

ரொட்டிக்கடைக்காரர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பிசியோ அம்மா கையைப் பிடித்து மடக்கினார். ரொட்டிக்கடைக்காரர் போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் இருந்த ரெண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

"மெஷின்ல போனப்போகூட இப்படி வலிக்கலம்மா," என்றார் அவர், வேர்த்து வழிய.

"நொறுக்கினது மெஷின். நான் வேற ஆளு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க," என்றார் பிசியோ அம்மா. பிறகு அண்ணியின் பக்கம் திரும்பினார். "வீட்டுல நீங்கதான் செய்யணும். மூணு வேளை. மெதுவா மடக்கி, வலிக்கிற இடத்துல நிறுத்தி, நாலு நிமிஷம் அப்படியே பிடிச்சுக்கணும். வெடுக்குன்னு இழுக்கவும் கூடாது, பாவம்னு விடவும் கூடாது. வாட்ச் பாத்துக்குங்க."

"வாட்ச் எதுக்கு? எங்க பாட்டு நாலு சரணம், நிதானமாப் பாடினா சரியா நாலு நிமிஷம்," என்றார் ரொட்டிக்கடைக்காரர். "இவ பாடிடுவா."

முதல் இரண்டு நாள் அண்ணி ஒழுங்காகத்தான் பாடினாள். அடுப்பறைக்குப் பின்னால், மாவு மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பெஞ்சு. அதில் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்காருவார். அவள் எதிரே முக்காலியில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்து, விரல்களை உள்பக்கமாக அழுத்தி, முதல் சரணத்தை எடுப்பாள். முதலாவது போய்விடும். இரண்டாவதில் அவருக்கு நெற்றி நரம்பு புடைக்கும். மூன்றாவதில் பாட்டு மேலே ஏற ஏற அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "கர்த்தாவே, கர்த்தாவே" என்று முனகுவார். இருபத்தாறு வருஷத்தில் அவர் அப்படி முனகி அவள் கேட்டதில்லை. பிள்ளை தங்காமல் போன அந்த வருஷத்தில்கூட அவர்தான் அவளைத் தேற்றினாரே தவிர, அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அவளால் முடியவில்லை. இரண்டாவது சரணம் முடிந்ததும் அவள் வாய் தானாகவே நாலாவதுக்குத் தாவிவிட்டது. சபையிலேயே தாண்டுகிறார்களே, வீட்டில் தாண்டினால் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள். கண்ணை மூடியிருந்தவருக்கு அது உறைக்கவில்லை. "இன்னைக்குச் சீக்கிரம் போன மாதிரி இருக்கே, பழகிடுச்சு போல" என்று தோளைத் தளர்த்தினார். அந்த முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தாளே, அதோடு சரி. மறுநாளிலிருந்து நாலாவதையும் வேகமாக ஓட்டிப் பாட ஆரம்பித்தாள். அவர் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டதும் பிடியையும் ஒரு விரற்கடை தளர்த்திவிடுவாள்.

இதிலே வேடிக்கை என்னவென்றால், அடுப்பறையில் கொழுந்தன் மாவு பிசைகிறபோது ஒரு சொல்லை முழுங்கினால் அவருக்கு இங்கே கேட்டுவிடும்.

"டேய்! மூணாவது சரணத்தைப் பாதியில விட்டுட்டடா!"

"விடலண்ணே, மனசுக்குள்ள பாடினேன்!"

"மனசுக்குள்ள பாடினா மாவுக்குக் கேக்குமாடா? நேத்துப் போட்ட ரொட்டியைத் தூக்கிச் சுவத்துல அடி, சுவரு உடையும்."

உண்மைதான். அந்த மாதம் முழுக்க விடாத மழை. ஈரக் காற்றில் மாவு சோம்பிக் கிடந்தது, சரியாகப் பொங்கவில்லை. பழகின வாடிக்கைக்காரர்கள் ஒரு ரொட்டிக்குப் பதில் அரை ரொட்டி வாங்கினார்கள். "அண்ணன் எப்போ வருவார்?" என்று கேட்டுவிட்டு, அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் குடையை விரித்துக்கொண்டு போனார்கள்.

இரண்டாவது வாரம் ஆமென் அண்ணன் வந்தார். சபையில் மூப்பர். போதகர் ஜெபத்தை முடிக்குமுன்னே இவருடைய ஆமென் வந்து விழுந்துவிடும். அதனால் அந்தப் பெயர். நல்ல மனுஷன், யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். வாய்தான் கொஞ்சம் அவசரம்.

அண்ணி டீயும் வறுத்த ரொட்டித் துண்டும் வைத்தாள். மூப்பர் ரொட்டியைக் கடித்துப் பார்த்துவிட்டு டீயில் நனைத்துக்கொண்டார்.

"தம்பி, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதே. அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. மணி அடிச்சாச்சு. நீ மெஷின் முன்னாடி நிக்கிறே. கர்த்தர் சும்மா இருப்பாரா? நேசிக்கிற பிள்ளையைத்தான் அவர் தட்டுவார்."

"தட்டினா சரிண்ணே. நொறுக்கிட்டாரே."

"மனசு திரும்பிட்டா கை திரும்பிடும். உனக்குள்ள எங்கேயோ ஒண்ணு பாக்கி இருக்கு. யோசிச்சுப் பாரு."

அண்ணிக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அண்ணே, டீ ஆறிடப் போகுது," என்றாள். அதற்கு மேல் பேசினால் டீயை அவர் தலையில் ஊற்றிவிடுவோமோ என்று உள்ளே போய்விட்டாள்.

ஆனால் அந்தப் பேச்சு ரொட்டிக்கடைக்காரருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து அவர் பாக்கியைத் தேட ஆரம்பித்தார். சின்ன வயதில் அப்பாவை எதிர்த்துப் பேசியது, தம்பியை எல்லார் முன்னாலும் அறைந்தது, கருகின ரொட்டியைத் திருப்பிப் போட்டு விற்றது என்று ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து அழுதார். கருகின ரொட்டியை வாங்கிப் போனவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அந்த மனுஷனுக்கு எந்த ரொட்டி என்றே ஞாபகம் இல்லை. ஒவ்வொரு தடவையும் அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு விரலைப் பார்ப்பார். விரல் நின்ற இடத்தில் நிற்கும்.

இருபதாவது நாள் பிசியோ அம்மா அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வந்த அன்னைக்கு எங்க இருந்துதோ அங்கதான் இருக்கு. வீட்டுல செய்றீங்களா, இல்லையா?"

"மூணு வேளையும்மா. நாலு சரணமும். ஒரு வேளை தவறினதில்ல," என்றார் அவர். சத்தியம் செய்கிற குரல்.

பிசியோ அம்மா அண்ணியைப் பார்த்தார். அண்ணி சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூடு படத்தைப் பார்த்தாள்.

"அப்படின்னா ஒண்ணும் புரியல. இன்னும் பத்து நாள் இருக்கு. பாப்போம்."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் குடைக்கு வெளியே தோள் நனைந்துகொண்டே வந்தது, அது அவருக்குத் தெரியவில்லை. கடைக்குள் நுழைந்ததும் தம்பியைக் கூப்பிட்டார்.

"இனிமே கடை உன்னுது. மெஷின்லயே போட்டுக்க, பாட்டெல்லாம் வேணாம். கடிகாரத்தைப் பாத்துக்க. சபைத் திருவிருந்துக்கு நாம குடுக்கிற அப்பத்தை இனி வேற இடத்துல வாங்கிக்கச் சொல்லிடு."

கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை. "என்னண்ணே..."

"சொன்னதைச் செய்."

அண்ணி அவர் பின்னாலேயே மாவு மூட்டை அறைக்குப் போனாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கையை யாரோ ஒருவருடைய பொருளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, பத்து நாள் இருக்குன்னு சொன்னாங்கல்ல?"

"எதுக்கும்மா? சொன்னது எல்லாத்தையும் செஞ்சாச்சு. வலிச்சும் பொறுத்துக்கிட்டேன். பாவத்தையும் அறிக்கை பண்ணிட்டேன். ஒரு நூல்கூட மடங்கல. அப்போ என்ன அர்த்தம்? தட்டித் திருத்துற அப்பான்னு சொல்றாங்களே, அதெல்லாம் பிள்ளைகளுக்கு. நான் அவர் பிள்ளை இல்ல போல. தூக்கிப் போட்டுட்டார். விடு. இனிமே அவர்கிட்ட நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல."

அதை அவர் அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். கடையைப் பூட்டிவிட்டுச் சாவியை ஆணியில் மாட்டுகிறவர் மாதிரிச் சொன்னார். ஐயோ, நான் பாவம் பார்த்தது போய்க் கர்த்தர் தலையில் பழியாக விழுந்துவிட்டதே என்று அவள் பதறினாள். சொன்னால் இந்த மனுஷன் இனி என் முகத்தில் முழிப்பாரா? சொல்லாவிட்டால் கையும் போய், அதற்கு மேலானதும் போய்விடும்.

"ஏங்க. நான் மூணாவது சரணத்தைப் பாடல."

"எப்போ?"

"எப்பவுமே."

அவர் நிமிர்ந்தார். "என்ன சொல்றே?"

"மூணாம் நாள்லேருந்து பாடல. நாலாவதையும் ஓட்டிட்டேன். நீங்க பல்லைக் கடிச்சா பிடியையும் விட்டுடுவேன். அதுக்கப்புறம் உங்க கையை நான் ஒரு நாள்கூட ஒழுங்கா மடக்கல. என்னால முடியலங்க. நீங்க முனகறதைக் கேக்க முடியல."

அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, எது வந்தாலும் வரட்டும் என்று நின்றாள். அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது.

"அப்போ..." என்று இழுத்தார். "அப்போ அவர் என்னைக் கைவிடலையா?"

"யாரு?"

"யாரா? மேல இருக்கிறவர்தான்டி!"

"அவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லங்க. அவ்வளவும் நான் பண்ணின வேலை."

அவர் இடது கையால் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதார். அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பும் வந்துவிட்டது. அடுப்பறையிலிருந்து எட்டிப் பார்த்த கொழுந்தன், அண்ணனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றே நினைத்தான்.

"அடிப்பாவி! இவன் ஒரு சொல்லை முழுங்கினா எனக்கு இங்க கேக்குது. என் காதுக்குப் பக்கத்துல ஒரு சரணத்தையே முழுங்கியிருக்கே, கேக்கலையே!"

"வலியில கேட்டிருக்காதுங்க."

"வலியில இல்லம்மா. நீ முழுங்குவேன்னு நான் நினைக்கவே இல்ல."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வைதிருந்தால் தேவலை என்று தோன்றியது. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வலது கையை அவள் மடிப்பக்கம் நீட்டினார்.

"உக்காரு. பிடி."

"இப்பவா? நீங்க கத்துவீங்க."

"கத்துவேன். விடச் சொல்லிக் கத்துவேன், திட்டுவேன். நீ விடாதே. நான் சொன்னேன்னு விட்டே, அப்புறம் பாரு."

அண்ணி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் சரணம். இரண்டாவது சரணம். மூன்றாவதுக்கு வந்தபோதும் விடாமல் அழுத்தினாள். மூட்டுக்குள் ஏதோ நெறுக்கென்றது. "விடுடி! விடுடி ராட்சசி! நீயெல்லாம் மனுஷியா?" என்று அவர் அலறினார். இத்தனை வருஷத்தில் அவளை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை அவர். கண்ணீர் அவள் மூக்கு நுனியிலிருந்து அவர் கையில் சொட்டியது. துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் பிடியில் இருந்தன.

இந்தச் சரணத்தை ஆயிரம் தடவை பாடியிருப்பாள். பாடும்போதெல்லாம் அந்த அழுகிற பிள்ளையை நினைத்துத்தான் மனசு இரங்கும். பிடித்துக்கொண்டிருக்கிற தகப்பனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக நினைத்தாள். அவருக்கும் இப்படித்தான் வயிறு எரிந்திருக்கும். அழுதுகொண்டேதான் பிடித்திருப்பார். ஒரு இழுவையும் குறைக்காமல் மூன்றாவதை முடித்து, நிதானமாக நாலாவதையும் பாடி முடித்துவிட்டுக் கையை விட்டாள். இரண்டு பேரும் மழையில் நனைந்தவர்கள் மாதிரி வேர்த்துப் போயிருந்தார்கள்.

"டீ போடட்டுமா?" என்றாள்.

"போடு. ராட்சசி கையால குடிக்கிறேன்."

பிறகு தினமும் மூன்று வேளை அந்த அலறல் கேட்டது. வாடிக்கைக்காரர்கள் முதலில் பயந்தார்கள், அப்புறம் பழகிவிட்டார்கள். ஆமென் அண்ணன் ஒரு நாள் ஆறுதல் சொல்ல வந்தவர், நேரே அந்தச் சத்தத்துக்குள் வந்து மாட்டிக்கொண்டார்.

"அண்ணே, நல்ல நேரத்துல வந்தீங்க. இவர் தோளைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க, எந்திரிச்சு ஓடப் பாக்கிறார்," என்றாள் அண்ணி.

மூப்பர் பிடித்தார். இரண்டாவது சரணத்திலேயே அவர் கண் கலங்கிவிட்டது. "போதும்மா, விட்டுடு, பாவம்மா," என்று கெஞ்ச ஆரம்பித்தார்.

"அண்ணே! ஆமென் இன்னும் வரல. பாடுங்க!" என்று அதட்டினாள்.

மூன்றாவது சரணத்தை மூப்பர் தன் கரகரத்த குரலில் பாடினார். அவருக்குப் பாதிச் சொல் தெரியவில்லை, சபையில் தாண்டித் தாண்டி மறந்துபோயிருந்தது. முடிந்ததும் ரொட்டிக்கடைக்காரரின் தோளை விடாமல் நின்றார். "தம்பி, அன்னைக்கு நான் என்னென்னமோ பேசிட்டேன்," என்றார். அதற்கு மேல் ஏன், எதற்கு என்று அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லாமல் வந்து தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு மாதத்துக்கு மேல் பிசியோ அம்மா இரண்டு வாரம் கூடக் கொடுத்தார். கடைசியில் மூன்று விரல்கள் உள்ளங்கையைத் தொட்டன. சுண்டுவிரல் தொடவில்லை. அது இனி தொடாது என்று பிசியோ அம்மா சொல்லிவிட்டார்.

"மூணு போதும்மா. அது ஒண்ணு டாட்டா காட்டிட்டுப் போகட்டும்," என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

அடுத்த சனிக்கிழமை காலை அவர் அடுப்பறைக்குப் போனார். மறுநாள் சபையில் திருவிருந்து. அதற்கான மாவை அவரே அளந்து கொட்டினார், உப்புப் போட்டார், தண்ணீரை இடது கையால் ஊற்றினார். கொழுந்தன் பக்கத்தில் உதவிக்கு நின்றான், ஒரு பார்வை பார்த்ததும் தள்ளிப் போய்விட்டான். மழை விட்டு வெயில் வந்திருந்தது. கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

உள்ளேயிருந்து முதல் சரணம் கேட்டது. கல்லாவில் இருந்த அண்ணி சில்லறை எடுக்கப் போன கையை நிறுத்தினாள். இரண்டாவது சரணமும் தட்டுத்தடுமாறி வந்தது. மூன்றாவதை எடுத்தார். ராகம் ஏறுகிற இடத்தில் குரல் சட்டென்று அறுந்தது. மூச்சு இழுக்கிற சத்தமும், பலகை மேல் மாவு விழுகிற தொப்பென்ற சத்தமும் மட்டும் வந்தன. கடையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான்.

அவள் எழுந்திருக்கவில்லை. ஓடிப் போய் அந்தக் கையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொள்ள உடம்பு துடித்தது. கல்லாப்பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு, வாடிக்கைக்காரர்கள் முன்னால் வெட்கம் பார்க்காமல், அவர் விட்ட சொல்லிலிருந்து பாட்டை எடுத்தாள். உள்ளே பலகை மறுபடி அசைகிற சத்தம் கேட்டது.

பாதி மேடு ஏறியிருப்பாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கொஞ்சம் மெதுவாப் பாடும்மா. மாவு இன்னும் வரல."